சபை வாசலில் மோர்ப்பந்தல்: அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லி அறிய

தென்மாவட்டச் சேகரங்களில் (ஒரு போதகரின் கீழ் உள்ள கிறிஸ்தவ சபைகள்) அசனம் என்னும் சபை விருந்து என்றால் ஊரே வந்து சாப்பிடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பக்கத்து இலைக்காரர் பெயரைக் கேட்கக்கூட நேரம் இருக்காது. கத்திரி வெயிலில் 20 நாள், தினம் 100 பேருக்கு மோர் கொடுத்துப் பாருங்கள், தெருவே பழகிவிடும். முதல்முறை இறங்கும் சபைகளுக்கான செய்முறை இது.

1. தெரு நடை

பந்தலுக்கு 2 வாரம் முன்பே தொடங்குங்கள். ஆலயத்தைச் சுற்றி ஐந்தாறு தெரு போதும். இரண்டிரண்டு பேராகக் காலை 6 மணி, 11 மணி, மாலை 6 மணி என மூன்று வேளையும் நடக்க வேண்டும். 11 மணிக்கு மட்டும் நடந்தால் விடியற்காலையில் தெருக் கூட்டுகிறவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆட்டோ ஸ்டாண்ட், இஸ்திரி வண்டி, குழாயடி, பிள்ளையார் கோயில், தனியாக இருக்கும் பெரியவர் வீடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரைந்து குறியுங்கள். சுவிசேஷக் கைப்பிரதி கொண்டுபோக வேண்டாம். கையில் தாளைப் பார்த்தாலே கதவு பாதிதான் திறக்கும்.

2. இடமும் ஆளும்

ரோட்டோரம் பந்தல் போட மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் அனுமதி கேட்க வேண்டிவரும். அதனால் ஆலயக் கேட்டுக்கு உட்புறம் நிழல் விழும் இடத்தில் போட்டுக் கேட்டை முழுக்கத் திறந்து வையுங்கள். எதிர்க் கடைக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் சர்பத் விற்பவராக இருந்தால் அவர் வியாபாரம் கெடாத நேரத்தையும் இடத்தையும் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு 4 பேர்: ஊற்ற ஒருவர், டம்ளர் கழுவ ஒருவர், உட்கார்ந்து பேச இருவர். மே மாதம் வாலிபர்கள் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்துக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஓய்வுபெற்றவர்களையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

3. மோர்

200 மில்லி டம்ளரில் 100 பேருக்கு 20 லிட்டர் மோர். இதற்கு:

தயிர் 4 லிட்டர்
கொதித்து ஆறிய தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் 16 லிட்டர்
உப்பு சுமார் 100 கிராம்
இஞ்சி 100 கிராம், பச்சை மிளகாய் 10
பெருங்காயத்தூள் 1 டீஸ்பூன்
கறிவேப்பிலை, கொத்தமல்லி ஒவ்வொரு கைப்பிடி

வெயில் காலத்தில் பால் ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். சாயங்காலமே உறை ஊற்றினால் காலையில் தயிர் புளித்திருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஊற்றி, விடிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இஞ்சியையும் மிளகாயையும் அரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். துண்டாகப் போட்டால் குழந்தைகள் தொண்டையில் சிக்கும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கலக்காதீர்கள். 10 மணிக்குப் பாதி, மீதி 12 மணிக்கு. மீன் பெட்டிக்கு வாங்குகிற பார் ஐஸ் வேண்டவே வேண்டாம், குடிக்கிற தண்ணீரில் செய்ததல்ல அது. ஒரு நாள் ஊறவைத்த மண்பானையில் ஊற்றி ஈரச் சாக்கு சுற்றினால் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லாமல் ஒரு ஜாடி தனியாக இருக்கட்டும்.

4. டம்ளர்

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 50 எவர்சில்வர் டம்ளர் வாங்கிவிடுங்கள். கழுவ மூன்று வாளி: சோப்பு நீர், நல்ல நீர், கடைசியாக வெந்நீர்.

இங்கே ஒன்றை விட்டுவிடக் கூடாது. தூய்மைப் பணியாளர் சிலர் கேட்டருகிலேயே நின்று, தங்கள் பாட்டிலை நீட்டுவார்கள். டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த பழக்கம் அது. பாட்டிலில் ஊற்றி அனுப்பிவிடாதீர்கள். “உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க” என்று கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்து, எல்லாருக்கும் கொடுக்கிற அதே டம்ளரை அவர்கள் கையிலேயே கொடுங்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சபையில் யாருக்காவது இது கசந்தால் அவரைத்தான் அன்று ஊற்றுகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

5. பேச்சும் நோட்டும்

பெஞ்சு இல்லாத பந்தலில் குடித்ததும் போய்விடுவார்கள். 4 பேர் உட்காரும் பெஞ்சு குறைந்தது இரண்டு போடுங்கள். பெயர், வேலை, எந்தத் தெரு என்று கேட்டால் போதும். சாதி, மதம், போன் நம்பர் வேண்டாம். அவர்கள் முன்னால் எழுதாதீர்கள், பந்தல் முடிந்தபின் எழுதுங்கள். மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் அந்த நோட்டு.

நாலைந்து நாளில் ஒரே குறை பலர் வாயிலிருந்து வரும். முதியோர் உதவித்தொகைக்கு எழுதித்தர ஆளில்லை என்பதாக இருக்கலாம், குழாயடி விளக்கு எரியவில்லை என்பதாக இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். உதவித்தொகை என்றால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டியோடு இ-சேவை மையத்துக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். “செய்துதருகிறோம்” என்று சொல்லிவிட்டு மறந்தால் அடுத்த வருஷம் பெஞ்சு காலியாகத்தான் இருக்கும்.

ஜூனில் பந்தலைப் பிரித்தபின் பெஞ்சை உள்ளே தூக்கி வைக்காதீர்கள். மாலை 5 முதல் 6 வரை தினம் ஒருவர் அதில் உட்காரட்டும்.