பாறை கெட்டிதான், பிளவைப் பார்த்தீர்களா?

1959 டிசம்பர் 2, இரவு ஒன்பது மணிக்கு மேல், தெற்குப் பிரான்ஸில் மால்பாஸே அணை உடைந்தது. கீழே இருந்த ஃப்ரேஜூஸ் வரை வெள்ளம் பாய்ந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 60 மீட்டருக்கு மேல் உயரமான, மெல்லிய வளைவு அணை அது. கான்கிரீட் நன்றாகவே இருந்தது. இடது கரையில் அணை அழுத்தி நின்ற பாறைதான் (gneiss எனப்படும், அடுக்கடுக்கான உருமாறிய பாறை) நகர்ந்துவிட்டது. அஸ்திவாரம், மலைச்சாலை, குவாரி என்று பாறையை நம்பிச் செய்யும் வேலைகளில் இன்றும் நடக்கிற தவறுகள் பலவும் அந்தக் கரையைப் பார்த்தாலே புரியும்.

முதல் தவறு, லேப் ரிசல்ட்டை மலையின் பலமாக எடுத்துக்கொள்வது. நல்ல கிரானைட் துண்டு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் உடையாமல் லேப் வரை வந்த துண்டைத்தானே சோதிக்கிறோம்? பிளவுள்ள பகுதி எடுக்கும்போதே உதிர்ந்திருக்கும். மலையில் இருப்பதோ பிளவுகளால் துண்டு துண்டான பாறை. அங்கே பாறை நசுங்குவது அபூர்வம், பிளவின் மேல் சறுக்குவதுதான் வழக்கம்.

அடுத்தது, பிளவுகளை எண்ணிவிட்டு அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்காமல் விடுவது. விறகை நார் போகும் வாட்டத்தில் பிளப்பதும் குறுக்கே வெட்டுவதும் ஒன்றா? சுமைக்குக் குறுக்கே, படுத்தவாக்கில் இருக்கும் பிளவு பெரிதாகக் கெடுக்காது. சுமையின் திசையோடு 30 டிகிரி அளவில் சாய்ந்திருந்தால் பலம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். சாலைக்காக மலையை வெட்டும்போது சாலைப் பக்கம் சரியும் ஒரே ஒரு நீளமான பிளவு போதும்; எதிர்ப்பக்கம் சாயும் நூறு பிளவுகளைவிட அது ஆபத்து.

பாறையின் தரத்தைச் சொல்லும் ஆர்.க்யூ.டி. (RQD) எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் இப்படித்தான். துளைபோட்டு உருளையாக வெளியே எடுக்கும் பாறைதான் கோர்; அதில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்துக்கு இத்தனை சதவீதம் என்கிறோம். ஒரு மீட்டரில் 11 சென்டிமீட்டர் துண்டுகள் ஒன்பது இருந்தால் 99 சதவீதம். முழுசாக ஒரே துண்டாக வந்தால் 100. இரண்டும் ஒரே பாறையா என்ன? நேர்குத்தாகப் போட்ட துளைக்கு நேர்குத்தான பிளவுகள் பெரும்பாலும் சிக்குவதே இல்லை. சாய்வாகவும் ஒரு துளை போடச் சொல்லுங்கள்.

கோர் பெட்டியைத் திறந்தால் துண்டுகளின் முனைகளைப் பாருங்கள். புதுசாகப் பளிச்சென்று இருந்தால் துளைக்கும்போது உடைந்தது, அதைப் பிளவாக எண்ணக்கூடாது. பழுப்புத் துருக்கறை படிந்திருந்தால் இயற்கையான பிளவு, தண்ணீர் போய்வந்த வழி. முனையைத் தடவும்போது வழவழவென்று களிமண் ஒட்டினால் உஷாராக வேண்டும். கரடுமுரடான பிளவு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நடுவில் களிமண் புகுந்துவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். துளைக்கும் தண்ணீரே இந்தக் களிமண்ணைக் கழுவிவிடுவதும் உண்டு. அதனால் கோரில் காணோம் என்பதற்காக மலையிலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு தண்ணீரை மறப்பது. சரிவுக்குப் பின்னால் 10 மீட்டர் ஆழமுள்ள நேர்குத்தான வெடிப்பில் நீர் நிறைந்தால், ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 50 டன் விசையோடு பாறையை வெளியே தள்ளும். சறுக்குத் தளத்துக்குள் புகும் நீரோ பாறையைத் தூக்கி உராய்வைக் குறைக்கும்.

மால்பாஸேயில் நடந்ததைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் இப்படி விளக்கினார்கள்: அணையின் அழுத்தத்தில் இடது கரைப் பாறையின் நுண்ணிய விரிசல்கள் இறுகிக்கொண்டன. கசிந்த நீர் தாண்டிப் போக வழியில்லாமல் உள்ளேயே அழுத்தம் ஏறியது. கீழ்ப்பக்கம் ஏற்கெனவே ஒரு பெயர்ச்சிப் பிளவு (இருபக்கப் பாறையும் ஒன்றையொன்று விட்டு நகர்ந்த பெரிய பிளவு) இருந்தது. அதற்கும் பாறையின் அடுக்குக்கும் நடுவே இருந்த துண்டு அப்படியே பெயர்ந்தது. அந்தக் கரையில் நீரை வடிக்கும் துளைகள் இல்லை.

சரி, கையிருப்பு குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது? வலை, ஆணி, சிமென்ட் பூச்சு எல்லாம் அப்புறம். முதலில் நீரை வெளியே விடும் துளைகள். பூச்சுப் பூசினாலும் அந்தத் துளைகளை அடைத்துவிடக்கூடாது; மழைக்கு முன்பு ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும்.