அரபு நாட்டில் அந்தரங்க விஷயம்: எங்கே பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும்

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஆசைக்குத் தடை இல்லை, அது கல்யாணத்தையும் வீட்டுக் கதவையும் தாண்டி வெளியே வருவதற்குத்தான் தடை. சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸில் இருக்கும் ஹமீதிய்யா சந்தையில் இறகு ஒட்டியது, விளக்கு மின்னுவது, அமுக்கினால் பாட்டுப் பாடுவது என்று விதவிதமான உள்ளாடைகள் கடை வாசலிலேயே தொங்கும், முக்காடு போட்ட அம்மாவும் கல்யாணம் நிச்சயமான மகளும் ஆண் கடைக்காரரிடம் சாவகாசமாகப் பேரம் பேசி வாங்கிப் போவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை, கல்யாணச் சீர் அல்லவா! சவூதியில் மட்டும் பெண்களின் சங்கடத்தைப் பார்த்து, 2012 முதல் இந்தக் கடைகளில் பெண்கள்தான் விற்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

சரி, கால் மோகம், உடை மோகம் (காலையோ ஒரு உடையையோ பார்த்தாலே கிளர்ச்சி வருவது) மாதிரி ஆசைகள்? கணவன் மனைவிக்குள் இருவருக்கும் சம்மதம் என்றால் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அதிகம் தலையிடுவதில்லை, ஆசனவாய்ப் புணர்ச்சியும் மாதவிடாய்க் காலப் புணர்ச்சியும் கண்டிப்பான ஹராம், அதாவது மார்க்கம் தடுத்தது. எகிப்தின் ஹிபா குத்ப் என்ற டாக்டர் 2006இல் தலையில் ஹிஜாபோடு டிவியில் உட்கார்ந்து படுக்கையறைச் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார், அது எடுபட்டதற்குக் காரணம் கணவன் மனைவி என்ற வேலியை அவர் தாண்டாததுதான் என்பேன். ஆகவே உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம், தம்பதியாக, முடிந்தால் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த டாக்டரிடம் கேளுங்கள்.

அரபு நண்பரிடம் 'உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்' என்றுகூடக் கேட்காதீர்கள், 'வீட்டில் எல்லோரும் சுகமா' போதும். ஆண்கள் மட்டும் கூடும் இடத்தில் பச்சையான ஜோக் தாராளமாகப் பறக்கும், சிரித்துவிட்டுப் போங்கள், நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்புறம் போன். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். ஊர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஆபாச வீடியோவை விளையாட்டாக இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால் அமீரகத்தில் அது குற்றம், சிறை இருக்கலாம், அபராதமே 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை. விபிஎன் (தடை செய்த இணையதளங்களைத் திறக்க உதவும் ஆப்) வைத்திருப்பது தனியாகக் குற்றமில்லை, ஆனால் அதை வைத்துக் குற்றம் செய்தால் அபராதம் 5 லட்சத்தில் தொடங்கி 20 லட்சம் திர்ஹம் வரை போகும். விமானம் ஏறும் முன் போனில் அந்த மாதிரிப் படம், வீடியோ இருந்தால் அழித்துவிடுங்கள், பெட்டியிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம் என்று நினைக்காதீர்கள். கல்யாணம் ஆகாத ஜோடி ஒரே வீட்டில் இருப்பதை அமீரகம் 2020இல் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. கத்தாரில் திருமணத்துக்கு வெளியேயான உறவுக்கு இன்னும் 7 ஆண்டு வரை சிறை, மொராக்கோவில் ஓராண்டு வரை. ஒருபாலுறவு ஜோர்டானில் 1951 முதல் குற்றமில்லை என்றாலும் குடும்பத்துக்குத் தெரிந்தால் கதை வேறு. சவூதியில் அதற்கு மரண தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எகிப்தில் போலீசே டேட்டிங் ஆப்பில் பொய்ப் பெயரில் பேசி ஒருபாலுறவுக்காரர்களை வரவழைத்துப் பிடிக்கும், அதனால் அங்கே அந்த மாதிரி ஆப்பைத் திறக்கவே வேண்டாம்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2013இல் துபாயில் பாலியல் வன்கொடுமை என்று புகார் கொடுத்த நார்வே பெண்ணுக்கே, திருமணத்துக்கு வெளியே உறவு என்று சொல்லி, 16 மாதச் சிறை விதித்தார்கள், உலகமே கத்திய பிறகுதான் மன்னித்து விட்டார்கள். சட்டங்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, சவூதியில் 2018இலிருந்து பாலியல் சீண்டலுக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. இருந்தாலும் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். முதலில் உங்கள் தூதரகத்துக்குப் போன் போடுங்கள், மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள், புரியாத அரபு தாளில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். தூதரகத்தின் எண்ணை போனில் மட்டும் வைத்தால் போதாது, போனைப் பிடுங்கி வைக்கும் முதலாளிகள் உண்டு, துணிகளுக்கு நடுவே ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.