கண்டாங்கிக் கட்டத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேர் போடலாம்?

காரைக்குடி பக்கம் இப்ப நிறைய பேர் வீட்ல இருந்தே சேலை போட்டோ போட்டு வெளியூர் வெளிநாடுன்னு அனுப்புறோம், துணி அருமையா இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல டிசைன் பேர் எழுதுற இடத்துல தான் தடுமாறுறோம். நான் ஒரு தடவை அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்கு கிங்ஹாம்னு எழுதிட்டேன், வாங்கினவங்க வெள்ளையில பொடிக்கட்டம் வரும்னு எதிர்பார்த்து சேலையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நெசவாளி உக்காந்து நெஞ்ச துணி தப்பான பேரால திரும்பி வந்தது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அதனால முதல்ல சேலையை பகல் வெளிச்சத்துல விரிச்சுப் போட்டு கோட்டைப் பாருங்க. ஒரே பக்கமா ஓடுச்சுன்னா ஸ்ட்ரைப். அதுவே ஊசி மாதிரி மெல்லிசா இருந்தா பின்ஸ்ட்ரைப், பட்டுல நாம வைர ஊசின்னு சொல்றது கிட்டத்தட்ட அது தான்.

குறுக்கும் நெடுக்குமா வெட்டுச்சுன்னா செக்டு, இங்க தான் நிதானம் வேணும். வெள்ளையோட ஒரே ஒரு கலர், எல்லாக் கட்டமும் ஒரே அளவு, ரெண்டும் கலக்குற கட்டம் மட்டும் வெளிறித் தெரியும், அது கிங்ஹாம். மெல்லிசு கோட்டுல பெரிய பெரிய கட்டமா ஜன்னல் மாதிரி இருந்தா விண்டோபேன். பல கலர் வந்து, பாவுல, அதாவது நீளவாக்கு நூல்ல, இருக்க கலர் வரிசையே குறுக்கு நூலான ஊடையிலயும் வந்தா டார்ட்டன், அது ஸ்காட்லாந்து துணி, அமெரிக்காக்காரங்க பிளெய்டும்பாங்க. டார்ட்டன்ல கலர் கலக்குற இடத்தைக் கிட்ட வச்சுப் பாத்தா சாய்வா பொடிக்கோடு ஓடும், ஏன்னா அது ட்வில் நெசவு. நம்ம கண்டாங்கி ஒரு இழை மேல ஒரு இழை கீழன்னு போற சாதா நெசவு, சாய்வுக்கோடு வராது, எங்க ஆயாவோட பழைய கண்டாங்கியை லென்ஸ் வச்சுப் பாத்தப்ப தான் எனக்கு இது நல்லா விளங்குச்சு.

அப்ப கண்டாங்கிக்கு என்ன தான் எழுதுறது? பல கலர் கட்டம் போட்ட லேசான காட்டனை வெளிநாட்டுக்காரங்க மெட்ராஸ் செக்னே சொல்றாங்க, நம்ம ஊர் பேர் தான் அது, நம்ம கட்டத்துக்கு கிட்ட வர்ற பேரும் அது தான். ஆனா அதை விளக்கத்துல மட்டும் போடுங்க, தலைப்புல கண்டாங்கின்னே இருக்கட்டும், 2019ல காரைக்குடி கண்டாங்கிக்கு புவிசார் குறியீடே கிடைச்சாச்சு, அந்தப் பேரை நாமளே விடக்கூடாது. அகலக் கரை எதிர்க் கலர்ல இருந்தா கான்ட்ராஸ்ட் பார்டர், கோபுரம் வந்தா டெம்பிள் பார்டர்.

மத்தது ஈஸி. மாங்காய்னா பெய்ஸ்லி, அது ஸ்காட்லாந்துல ஒரு ஊர், காஷ்மீர் சால்வையைப் பாத்து அங்க நெஞ்சதால அந்தப் பேர். ஒரே அளவு வட்டப் புள்ளின்னா போல்கா டாட், பூ புட்டாவுக்கு அதைப் போட்டுறாதீங்க, மோட்டிஃப் போதும். இங்கிலீஷ் V எழுத்து மாதிரி மடங்கி மடங்கி வர்ற வங்கி கோடு உடையாம தொடர்ந்து ஓடுனா ஷெவ்ரான், மீன்முள்ளு மாதிரி நடுவுல வெட்டி வெட்டி நின்னா ஹெரிங்போன்.

பேர் எழுதி முடிச்சதும் கட்டத்து மேல ஒரு ஸ்கேலை வச்சு போட்டோ எடுத்துப் போடுங்க, ஒரு கட்டம் எத்தனை இஞ்ச்னு வாங்குறவங்களே பாத்துக்குவாங்க.