கிறிஸ்டியான்சோ ஓவியங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்டிக் கடலில், டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவுக்கு வடகிழக்கே இருக்கும் கிறிஸ்டியான்சோ, கருங்கற்பாறையாலான மிகச் சிறிய தீவு. 1684இல் ஐந்தாம் கிறிஸ்டியான் மன்னரின் ஆட்சியில் எழுந்த அதன் கடற்படைக் கோட்டை 1855 வரை பயன்பாட்டில் இருந்தது. ஸ்வீடனில் பிறந்த கார்ல் இசாக்சனும் (1878–1922) டேனிஷ் ஓவியரான எட்வர்ட் வையேயும் (1879–1943) கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கரையைப் பலமுறை வரைந்தார்கள்.

அந்த ஓவியங்களின் முன் நிற்பவர்கள் முதலில் கோட்டையைத் தேடுகிறார்கள். வட்டக் கோபுரத்தையும் மதிலையும் அடையாளம் கண்டதும், பார்த்து முடித்துவிட்டதாக எண்ணி நகர்ந்துவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். கோபுரம் தெரியும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள்: மீதமுள்ள பாறையும் நீரும் வானமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கருங்கல் சாம்பல் நிறமாயிற்றே, இங்கே ஏன் ஊதாவும் நீலமும் என்று கேட்பது அடுத்த தவறு. பிரெஞ்சு ஓவியர் செசானின் படைப்புகளிலிருந்து கற்ற இந்தத் தலைமுறை ஓவியர்கள், நிழலைக் கறுப்பால் இருட்டாக்காமல் குளிர்ந்த நிறங்களாலும், வெயில் படும் முகத்தை வெம்மையான மஞ்சள், ஆரஞ்சு நிறங்களாலும் கட்டியெழுப்பினார்கள். பாறை நீரைத் தொடும் விளிம்பை அருகில் சென்று கவனியுங்கள். அங்கே கோடு இருக்க வேண்டியதில்லை, ஒரு நிறத்திட்டு முடிய இன்னொன்று தொடங்குவதே போதும். நல்ல வெயிலில் கடலோரப் பாறையின் நிழலை உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த நீலம் கற்பனையாகத் தோன்றாது.

இவற்றை இம்ப்ரெஷனிசம், அதாவது கணத்துக்குக் கணம் மாறும் ஒளியைப் பிடிக்க முயலும் ஓவியப் பாணி, என்று சொல்லிவிடுவதும் பொருந்தாது. 1886இல் பிரான்சின் பெல்-ஈல் தீவில் அப்பாணியின் முன்னோடியான மோனே மாறிக்கொண்டேயிருக்கும் கடலைத் துரத்தினார். இசாக்சன் நாடியதோ மாறாமல் நிற்கும் கட்டமைப்பை.

அத்தீவில் 19ஆம் நூற்றாண்டில் அரசியல் கைதியொருவர் அடைபட்டிருந்தார் என்பதற்காக, ஒவ்வொரு பாறையிலும் சிறையின் துயரத்தைப் படிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஓவியர்கள் அங்கே போனது வெளிச்சத்துக்காக.

கைப்பேசித் திரை நிறங்களை மினுக்கிக் காட்டிவிடும். இயன்றவர்கள் போர்ன்ஹோல்மின் வடகரையிலுள்ள கலை அருங்காட்சியகத்தில் நேரில் பாருங்கள். வெளியே கடலுக்கு அப்பால் கிறிஸ்டியான்சோ தெரிந்தாலும், ஓவியத்தை நிதானமாகப் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.