நள்ளிரவில் அம்மா “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று அழுதால்

மறதிநோய் உள்ள அம்மா இரவு 2 மணிக்கு எழுந்து, “நான் வீட்டுக்குப் போக வேண்டும்” என்று அழுதால், “இதுதானே அம்மா நம் வீடு” என்று விளக்கத் தொடங்காதீர்கள். நானும் பல இரவுகள் அப்படித்தான் வாதாடினேன். அவருடைய பதற்றம் கூடியதுதான் மிச்சம். வீடு என்று அவர் தேடுவது பெரும்பாலும் ஒரு பாதுகாப்பு உணர்வைத்தான். அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டு ஞாபகம் வந்துவிட்டதா? அங்கே யாரெல்லாம் இருப்பார்கள், சொல்லம்மா” என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். பேசப் பேச அழுகை மெல்ல அடங்கும். எல்லா இரவும் அல்ல, ஆனால் பல இரவுகளில்.

பிறகு உடலைக் கவனியுங்கள். சிறுநீர் முட்டுகிறதா, எங்காவது வலிக்கிறதா, தாகமா, குளிரா? வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி அழுகையாக வெளிவரும். மங்கலான விளக்கு ஒன்று விடியும்வரை எரியட்டும். கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அவருக்கு அந்நியராகத் தோன்றலாம். அதைத் துணியால் மூடிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் சிறிது நடக்க வைப்பதும் இரவுத் தூக்கத்துக்கு உதவும்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. குழப்பமும் கீழே விழும் ஆபத்தும் கூடும்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால், இரவு விழிப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உறங்க வேண்டும்.