கணக்கு சைட் தேடுறீங்களா? நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீங்க

போன கிழமை எங்கட டியூட்டரியில புதுசா சேர்ந்த தம்பி ஒராள், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில 14 கணித வெப்சைட் லிங்கை ஒரே மெசேஜில தட்டிவிட்டிட்டு "எல்லாம் செக் பண்ணிட்டன் சேர்" எண்டார். எப்பிடிச் செக் பண்ணினீர் எண்டு கேட்டன். "ஒவ்வொண்டிலயும் அஞ்சாறு கணக்கு செய்து பாத்தன், எல்லாம் சரியா வந்திச்சு." நானும் ஒரு காலம் அப்பிடித்தான் செக் பண்ணினனான். அதாலதான் இதை எழுதுறன்.

விளம்பரம் கொட்டுற சைட், விடையே பிழையா இருக்கிற சைட், இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்கு நான் தேவையில்ல.

சரியான விடையை மட்டும் போட்டுப் பாக்கிறது

2022 தொடக்கத்தில, காசு கட்டிப் பாவிக்கிற ஒரு வெளிநாட்டு சைட்டை எடுத்தன். பேர் வேண்டாம். 11 பிள்ளைகள், ஆளுக்கு மாசம் 5 டொலர், என்ர கார்ட்டில. பெப்ரவரியில 11,000 ரூபா சொச்சம் வெட்டினது. மார்ச்சில இலங்கை ரூபாவை மிதக்க விட (பெறுமதியை சந்தையே தீர்மானிக்கட்டும் எண்டு விட), மே மாசம் அதே 55 டொலருக்கு 20,000க்குக் கிட்டப் போச்சு. பேந்து பெற்றோல் இல்ல, கொழும்பில பள்ளிக்கூடமும் மூடியாச்சு, பிள்ளைகள் வீட்டில இருந்து செய்யுதுகள்தானே எண்டு நானும் பல்லைக் கடிச்சுக்கொண்டு கட்டினன். ரிப்போர்ட்டைத் திறந்தா பச்சைப் பச்சையா கோடு, பின்னம் 92, பின்னம் 95, அம்மாமார் போன் எடுத்து நன்றி சொல்லுகினம், எனக்கும் புளுகம்.

வகுப்பு திரும்பத் தொடங்கின முதல் நாள் போர்ட்டில 1/2 + 1/3 எழுதினன். 11 பேரில 7 பேர் 2/5.

95 எடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு, இது எப்பிடியம்மா எண்டு கேட்டா, அவ சாதாரணமாச் சொல்லுறா: "சேர், அதில பிழையெண்டு சிவப்பா வரும், உடன மற்றதை அமத்துவன், நாலுதானே இருக்கு. திரும்பச் செய்யேக்க மூண்டாவதுதான் சரியெண்டு ஞாபகம் இருக்கும்." அவவில பிழை இல்ல. அந்த சைட் கடைசியா வந்த சரியை மட்டும் எண்ணினது, கேள்வியில இலக்கத்தையும் மாத்தேல்ல, விடையின்ர இடத்தையும் மாத்தேல்ல. நான் வாங்க முதல் ஒரேயொரு பிழை விடை குடுத்துப் பாத்திருந்தா ரெண்டு நிமிசத்தில விளங்கியிருக்கும். கணக்கு வாத்தி எண்ட திமிரில எல்லாத்துக்கும் சரி போட்டனே! இப்பவும் நினைச்சாக் கோவம் வரும்.

இப்ப என்னட்ட ஒரு 80 பக்கக் கொப்பி இருக்கு. பிள்ளைகள் விடுற பிழைகளை அப்பிடியே எழுதி வச்சிருக்கிறன்: 2/5, 0.35 ஐ 0.4 ஐ விடப் பெரிசெண்டுறது, எக்ஸ் கூட்டல் 3 இன்ர வர்க்கத்துக்கு எக்ஸ் வர்க்கம் கூட்டல் 9 எண்டுறது. எந்த சைட் வந்தாலும் முதல் இதுகளைத்தான் போடுவன். "பிழை, மீண்டும் முயற்சி செய்" எண்டு மட்டும் சொன்னா அது வெறும் மார்க் போடுற மெசின். நல்ல சைட் எண்டா 2/5 போட்டவுடன ரெண்டு பட்டையைக் கீறி, அரைவாசியோட இன்னும் கொஞ்சம் கூட்டினா எப்பிடி அரைவாசியை விடக் குறைய வரும் எண்டு கேட்கும். ரெண்டாந்தரம் அமத்தினதை எப்பிடி எண்ணுது எண்டும் பாருங்கோ.

இதின்ர மறுபக்கமும் இருக்கு. சரியான விடையை வேற மாதிரி எழுதிப் பாருங்கோ. 1/2 க்குப் பதிலா 0.5, காரணிகளை இடம் மாத்தி. ஒரு சைட் இதுக்கெல்லாம் சிவப்புக் காட்ட, ஒரு பெடியன் சரியா இருந்த கணக்கை மூண்டு தரம் அழிச்சு அழிச்சுச் செய்தவன்.

தமிழில இருந்தாப் போதும் எண்டு நினைக்கிறது

இலங்கையில நாங்கள் தொடை (set) எண்டுறதை தமிழ்நாட்டில கணம் எண்டுவினம். எங்கட தாயம் (matrix) அங்க அணி, படித்திறன் (gradient) அங்க சாய்வு. அவையின்ர சைட்டில குறை இல்ல, அவையின்ர பிள்ளைகளுக்குச் செய்தது. ஆனா எங்கட பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கு எதுவும் சொல்லாம லிங்கை மட்டும் அனுப்பினா, "சேர், அணி எண்டா கிரிக்கெட் டீமா?" எண்டுதான் கேட்கும். எங்கட சொல்லு வேணுமெண்டா கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ சைட்டில தமிழ் மொழிமூலம் இருக்கு, பாக்கிறதுக்குப் பெரிசா மினுக்கம் இருக்காது.

பை எவ்வளவு?

ஆரை 7 சென்ரிமீற்றர் வட்டத்தின்ர பரப்பளவு எங்களுக்கு 154, ஏனெண்டா பைக்கு (π) 22/7 போடுறம். கன சைட்டுகளுக்கு 3.14, அதால 153.86. 154 ஐப் போட்டுப் பாத்திட்டு லிங்கை அனுப்புங்கோ.

கல்குலேட்டரோட பழக்குற சைட்

ஓ/எல் (சாதாரண தர) கணிதப் பரீட்சை மண்டபத்தில கல்குலேட்டர் இல்ல, மடக்கை அட்டவணைதான்.

எல்லாத்தையும் ஒரே தராசில போடுறது

ஜியோஜீப்ராவில வீடியோவும் இல்ல பொயின்ட்ஸும் இல்ல எண்டு ஒரு மிஸ் ஒதுக்கிப் போட்டா. அது வீடியோ பாக்கிற இடமில்ல, முக்கோணியின்ர உச்சியைப் பிடிச்சு இழுத்து, என்ன இழுத்தாலும் மூண்டு கோணத்தின்ர கூட்டுத்தொகை 180ஐ விட்டு அசையேல்ல எண்டு பிள்ளை தானே காணுற இடம். டெஸ்மோஸில வரைபும் அப்பிடித்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின்ர என்ரிச் (NRICH) சைட்டில ஒரு கணக்கோட 40 நிமிச வகுப்பையே நடத்தலாம், ஆனா ஆசிரியர் முதல் தானே இருந்து செய்து பாக்கோணும். பயிற்சி வேணுமா, காட்டிக் குடுக்கோணுமா, யோசிக்க வைக்கோணுமா எண்டு முடிவெடுத்திட்டுத் தேடுங்கோ.

ஃப்ரீ ட்ரயலுக்கு கார்ட் நம்பர்

குடுக்காதீங்க.

லாப்டொப்பில மட்டும் பாக்கிறது

பிள்ளை செய்யப்போறது அம்மா வேலையால வந்தாப் பிறகு அம்மாவின்ர போனில, அதுவும் டேட்டா கார்ட் முடியிறதுக்குள்ள. அந்த மாதிரி ஒரு போனை வாங்கி 3/4 எண்டு டைப் பண்ணிப் பாருங்கோ. ஒரு சைட்டில கீபோர்ட் மேல வந்தவுடன பின்னத்தின்ர கீழ்ப்பெட்டி மறைஞ்சு போகும், பிள்ளை 34 எண்டு அடிச்சிட்டு ஏன் பிழையெண்டு விளங்காம இருக்கும்.