ஏஆர்-15க்கு சைடு சார்ஜிங் அப்பர் வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

குப்புறப் படுத்து, பைபாடை ஊன்றி, கன்னத்தை ஸ்டாக்கில் பதித்து, ஸ்கோப்பில் இலக்கைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், இனி முதல் தோட்டாவை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சாதாரண ஏஆர்-15 ரைஃபிளில் அதற்கான கைப்பிடி ரிசீவரின், அதாவது இயங்கும் பாகங்கள் அடங்கிய உடற்பகுதியின், பின்கோடியில், உங்கள் மூக்குக்கு நேர் எதிரே, ஸ்கோப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டு இருக்கிறது. தலையைத் தூக்க வேண்டும், தோளிலிருந்து ஸ்டாக்கைக் கொஞ்சம் எடுக்க வேண்டும், விரலை ஸ்கோப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நுழைத்து இழுக்க வேண்டும். இழுத்துவிட்டுத் திரும்பப் படுத்தால் பிடித்து வைத்த இலக்கு எங்கோ போயிருக்கும். சைடு சார்ஜிங் அப்பரைப் பற்றி, அதாவது அந்தக் கைப்பிடி பக்கவாட்டில் இருக்கும் ரிசீவர் மேல்பாதியைப் பற்றி, ஒருவர் முதன்முதலாக யோசிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த டி வடிவக் கைப்பிடி ஏன் அங்கே போனது என்று தெரிந்தால் பிரச்சினை பாதி புரிந்துவிடும். 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-10இல் இழுக்கும் கொக்கி மேலே, தூக்கிச் செல்லும் பிடிக்கு உள்ளே இருந்தது. பிறகு ஏஆர்-15இல் அது பின்னால் நகர்ந்தது. அந்தக் காலத்தில் மேலே இருந்தது வெறும் இரும்புக் குறிதான், அதனால் பின்பக்கக் கைப்பிடிக்கு எதுவும் இடைஞ்சல் இல்லை. பெரிய ஸ்கோப்பும், சத்தம் குறைக்கும் சப்ரெஸரும், படுத்துச் சுடும் போட்டிகளும் வந்த பிறகுதான் அந்த இடம் நெருக்கடியானது. ஆக டி கைப்பிடி மட்டமான வடிவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூசி புகாது, சுடும்போது அசையாது, வலது கைக்காரர், இடது கைக்காரர் இருவருக்கும் பொது. இத்தனையையும் விட்டுக்கொடுத்துத்தான் பக்கவாட்டுக் கைப்பிடிக்குப் போகிறோம், அதனால் பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

கடையில் கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் "இடதா, வலதா" என்பதாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சுடும்போது கைப்பிடி போல்ட்டோடு (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) சேர்ந்து ஓடுமா, ஓடாதா?

ஓடும் வகையில் கைப்பிடி நேராக, போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியரிலேயே திருகப்பட்டிருக்கும். ஏகே, எம்14 ரைஃபிள்களிலும் கைப்பிடி சுடும்போது சேர்ந்தே ஓடும், பேர் கிரீக் ஆர்சனல் நிறுவனம் விற்கும் சைடு சார்ஜிங் அப்பர்களும் இந்த வகையே. அமைப்பு எளிமை, பாகம் குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. தோட்டாவின் கூடு சேம்பரில் (சுடும்போது தோட்டா இருக்கும் குழி) இறுகிக்கொண்டால் கைவிசை முழுவதும் நேரே கேரியருக்குப் போகும். டி கைப்பிடியில் அந்த விசை ஒரு மெல்லிய அலுமினியத் தண்டு வழியாக, அதுவும் ஒரு பக்கத் தாழ்ப்பாளை மட்டும் பிடித்து இழுத்தால் கோணலாகத்தான் போகும். போல்ட் முழுதாக மூடாமல் நின்றாலும் இதே கைப்பிடியால் முன்னே தள்ளிவிடலாம், அதற்கென்று தனியாக ஃபார்வர்டு அசிஸ்ட் பொத்தான் தேவையில்லை. அதற்காகக் கண்டபடி தள்ளாதீர்கள். மூட மறுக்கும் தோட்டாவில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம், வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் சரி. ஃபார்வர்டு அசிஸ்ட்டே வேண்டாம் என்றுதான் ஸ்டோனர் சொன்னார், ராணுவம் கேட்டதால்தான் ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16ஏ1இல் அது வந்தது.

இந்த வகையின் குறை எங்கே தெரியும் என்றால், சுடும்போது. ஒவ்வொரு சுடலிலும் கைப்பிடி 9 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போய்த் திரும்பி வருகிறது, கண் இமைக்கும் நேரத்துக்குள். அந்தப் பாதையில் எது இருந்தாலும் அடி விழும். நான் வலதுபக்கம் ஓடும் கைப்பிடி உள்ள ஒரு அப்பரோடு மேசையில் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கி முன்னால் ஒரு மணல்மூட்டையில், பக்கத்தில் இன்னொரு மூட்டை அணைவாக. இரண்டு சுடல் ஒழுங்காகப் போனது. ஒவ்வொரு அதிர்வுக்கும் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மூன்றாவதில் கைப்பிடி மூட்டையின் தையல் விளிம்பில் தட்டி, போல்ட் பாதி வழியில் தயங்க, காலிக் கூடு தான் வெளியேறும் ஜன்னலில் செங்குத்தாகச் சிக்கி நின்றது. பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த விளிம்பு இருந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. மரச்சட்டம், தடுப்புச் சுவர், மூட்டை என்று எதிலாவது சாய்த்துச் சுடுபவர்களுக்கு ஓடும் கைப்பிடியை நான் பரிந்துரைப்பதே இல்லை.

இன்னொன்று, கைப்பிடியும் எடைதான். சாதாரண 5.56 போல்ட் கேரியர் முழுத் தொகுப்பும் சுமார் 330 கிராம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு இரும்புக் கட்டையைத் திருகினால் ஓட்டத்தின் கணக்கு கொஞ்சம் மாறும், திருகும் ஒவ்வொரு சுடலிலும் உதறல் வாங்கும். திருகுப் பசை போட்டு, உற்பத்தியாளர் சொன்ன அளவு இறுக்கி, மார்க்கர் பேனாவால் திருகின் தலையிலிருந்து கைப்பிடி வரை ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு தளர்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

ஓடாத வகையில் கைப்பிடி தனிச் சறுக்கியில் இருக்கும். இழுக்கும்போது ஒரு முளை கேரியரைப் பின்னே தள்ளும், விட்டதும் கைப்பிடி முன்னால் போய்த் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும், சுடும்போது அசையாது. எல்டபிள்யூஆர்சி நிறுவனத்தின் ரெப்பர் ரைஃபிள், கிப்ஸ் ஆர்ம்ஸின் ஜி4 அப்பர் போன்றவை இந்த வகை. கைக்குப் பாதுகாப்பு, சாய்த்துச் சுடலாம், எதிலும் தட்டாது. பதிலுக்குப் பாகங்கள் கூடும், விலை கூடும், போல்ட்டை முன்னே தள்ளும் வசதி சிலவற்றில் இருக்காது. இறுகிய கூட்டை எடுக்கக் கைப்பிடியைக் காலால் மிதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் அதைச் செய்யக் கூடாது, அந்தச் சறுக்கி அப்படிப்பட்ட அடிக்குக் கட்டியதல்ல. இரண்டில் ஒன்று என்றால் நான் ஓடாத வகையைத்தான் எடுப்பேன், கூடுதல் காசு கொடுத்தாவது.

சரி, இடதா வலதா?

வலது கைக்காரருக்கு இடதுபக்கக் கைப்பிடி இயல்பாக அமையும். வலது கை பிடியிலேயே இருக்க, முன்னால் தாங்கும் இடது கையை எடுத்து இழுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம், கன்னம் அசையவே வேண்டாம். வலதுபக்கக் கைப்பிடி என்றால் சுடும் கையை எடுக்க வேண்டும், அல்லது இடது கையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும், சூடான கூடு விழும் ஜன்னலும் அதே பக்கம்தான். இடது கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ், அவர்களுக்கு வலதுபக்கக் கைப்பிடி நல்ல வரம்.

ஆனால் பலரும் யோசிக்காத ஒரு காரியம் உண்டு: போல்ட்டைப் பின்னால் பூட்டி நிறுத்துவது. சுடுதளத்தில் "சுடுவதை நிறுத்து" என்று குரல் வரும் ஒவ்வொரு முறையும் மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து பூட்டி, சேம்பரைக் காட்ட வேண்டும். ஒரு நாளில் இருபது முறை வரும் வேலை இது. போல்ட்டைப் பூட்டும் பொத்தான் சாதாரண லோவரில் (ரிசீவரின் கீழ்ப்பாதி) இடதுபக்கம். கைப்பிடியும் இடதுபக்கம் என்றால் ஒரே கை இழுக்கவும் வேண்டும், பொத்தானை அழுத்தவும் வேண்டும். கடைசியில் வலது கையைத் துப்பாக்கிக்கு மேலே கொண்டுவந்து திண்டாடுவோம். கைப்பிடி வலதுபக்கம் என்றால் வலது கை இழுக்கும், இடது கட்டைவிரல் அழுத்தும், வேலை முடிந்தது. வலதுபக்கமும் பூட்டும் வசதி உள்ள லோவர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் லோவர் எது என்று பார்த்துவிட்டுப் பக்கத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது புகை. சப்ரெஸர் போட்டவர்கள் இதை நன்றாக அறிவார்கள், டி கைப்பிடியின் இடுக்கு வழியாகச் சூடான வாயு நேராகக் கண்ணுக்கு வரும், பத்துச் சுடலில் கண்ணீர் வழியும். பின்பக்கம் முழுதாக அடைத்த சைடு சார்ஜிங் அப்பர் இதில் உண்மையாகவே உதவும். "முழுதாக அடைத்த" என்பதைக் கவனியுங்கள், சிலவற்றில் பின்வழி அப்படியே திறந்துதான் இருக்கும். ஜேபி எண்டர்பிரைசஸின் பிஎஸ்சி-11 போன்றவற்றில் பக்கக் கைப்பிடியும் உண்டு, பின்பக்கக் கைப்பிடியும் உண்டு. அப்புறம், கைப்பிடி நகர்வதற்காகப் பக்கவாட்டில் வெட்டிய நீளத் துளையும் வாயுவுக்கு ஒரு வழிதான். ஏஆர்-15இன் கேரியரில் வாயு வெளியேறும் இரண்டு துளைகளும் வலதுபக்கம் இருப்பது காரணத்தோடுதான், வலது கைக்காரரின் முகத்தை விட்டு ஜன்னல் வழியாக வெளியே போகட்டும் என்று. இடதுபக்கம் துளை வெட்டினால் மிச்ச வாயுவில் கொஞ்சம் அந்தப் பக்கமும் கசியும். அதே துளை வழியாக மணலும் புழுதியும் உள்ளே போகும், தூசி மூடி ஜன்னலை மட்டும்தான் மூடும். வாங்கும்போது போல்ட் மூடிய நிலையில் துப்பாக்கியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளையில் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவை கேரியரோ சறுக்கியோ அடைக்கிறது என்று பாருங்கள். ஈரத்திலும் சேற்றிலும் தூக்கிக்கொண்டு அலையும் துப்பாக்கி என்றால் இந்த ஒரு காரணமே டி கைப்பிடியோடு இருந்துவிடப் போதும்.

பாகங்கள் விஷயத்தில்தான் எனக்கு மனக்கசப்பு அதிகம். ஏஆர்-15இன் பெரிய பலமே எந்த நிறுவனத்தின் பாகமும் எதிலும் பொருந்தும் என்பது. சைடு சார்ஜிங்கில், குறிப்பாக ஓடும் வகையில், கேரியர் அந்த நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும், கைப்பிடியும் அப்படியே. கேரியர் உடைந்தால் பக்கத்துக் கடையில் உள்ளதை வாங்கி மாட்ட முடியாது. அதனால் அப்பரோடு சேர்த்தே ஒரு கைப்பிடியும் திருகும் உபரியாக வாங்கி வையுங்கள். போல்ட், ஃபயரிங் பின் போன்றவை பெரும்பாலும் பொதுவானவைதான், ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சுத்தம் செய்யக் கழற்றுவதும் மாறும்: டி கைப்பிடியை இழுத்தால் கேரியர் கூடவே வரும், இங்கே, ஓடும் வகையில், முதலில் பக்கக் கைப்பிடியை எடுத்தாக வேண்டும். அதற்கு அல்லன் கீ வேண்டுமா, வெறும் கையால் முடியுமா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். .308 தோட்டா அளவில் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்த அளவில் டிபிஎம்எஸ் வகை, ஆர்மலைட் வகை என்று இரண்டு குடும்பங்கள், ஒன்றின் அப்பர் மற்றதன் லோவரில் பொருந்தாது.

யாருக்கு இது நிச்சயம் உதவும்? பெரிய ஸ்கோப்போடு படுத்தோ மேசையிலோ சுடுபவருக்கு. கைவிரலில் பலம் குறைந்தவருக்கு, மூட்டுவலி உள்ளவருக்கு, ஏனென்றால் இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுப்பதற்குப் பதில் உள்ளங்கையால் இழுக்கலாம். கனமான போல்ட் உள்ள 9 மி.மீ. துப்பாக்கிக்கும் இதே காரணத்துக்காக நன்றாகப் பொருந்தும். சிறிய ரெட் டாட் குறிக்கருவி மாட்டி நின்றுகொண்டே சுடுபவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. வாரில் மாட்டி மார்பில் தொங்கவிட்டு நடப்பவருக்கு நஷ்டம்தான், இடதுபக்கக் கைப்பிடி சட்டையிலும் பையிலும் கொக்கி போட்டு இழுக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேகசினை எடுங்கள், போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள், நீங்கள் இருக்கும் அறையிலேயே தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. இப்போது உங்கள் ஸ்கோப்பை நீங்கள் வழக்கமாக மாட்டும் இடத்தில் மாட்டி, வழக்கமாகச் சுடும் நிலையில் படுத்து அல்லது உட்கார்ந்து, டி கைப்பிடியை இருபது முறை இழுங்கள். எத்தனை முறை கன்னம் எழுந்தது, எத்தனை முறை விரல் ஸ்கோப்பில் இடித்தது என்று எண்ணுங்கள். விரல் இடிப்பதுதான் பிரச்சினை என்றால் தாழ்ப்பாள் நீண்ட, இரண்டு பக்கமும் பிடிக்கும் சார்ஜிங் ஹேண்டில் ஒன்று வாங்கினால் போதும், ரேடியன் ராப்டர், பிசிஎம் கன்ஃபைட்டரின் இரண்டு பக்க வடிவம் போல. ஸ்கோப்பை முன்னால் தள்ளும் கான்டிலீவர் மவுண்டும் இதையே செய்யும். புகைதான் பிரச்சினை என்றால் அதை அடைக்கவே செய்த பிஆர்ஐ கேஸ் பஸ்டர் இருக்கிறது. இவை எல்லாம் புது அப்பரை விட மலிவு, இருக்கும் கேரியரையும் மாற்ற வேண்டாம். கன்னம் எழுவதுதான் பிரச்சினை என்றால் மட்டும் சைடு சார்ஜிங்கைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

வாங்குவது என்று முடிவானால், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஏஆர்-15இல் வரிசை எண் உள்ள லோவர்தான் துப்பாக்கி, அப்பர் ஒரு பாகம் மட்டுமே. மாநிலச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம், உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுவது லோவரில் உள்ள இரண்டு பின்களைத் தள்ளும் வேலைதான். மாட்டியதும் ஸ்கோப் மவுண்டின் நெம்புகோல் கைப்பிடியின் பாதையில் நிற்கிறதா என்று மெதுவாக இழுத்துப் பாருங்கள், நெம்புகோல் இடதுபக்கம் இருந்தால் மவுண்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கலாம். முதல் நாள் சுடுதளத்தில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் பூட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு முறை தவறாமல் நின்றால் மேகசினை நிரப்பலாம். நிற்கவில்லை என்றால் அப்பரைக் குறை சொல்வதற்கு முன் கைப்பிடியைக் கழற்றி, கேரியரில் அது எங்காவது உரசிய பளபளப்புத் தெரிகிறதா என்று தேடுங்கள்.